வெள்ளியின் அரை மைல்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் நானும் தொற்றிக்கொண்டேன். அவர் செகண்ட் ஆபீசர். நான் வந்தது கேப்டனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "புது மாப்பிள்ளைக்குக் கவனம் கடல்ல இல்ல, கேபின்ல இருக்கு" என்று என் காதுபடவே சொல்வார். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். அவரும் என் வீட்டுக்காரரும் தனித்தனியாக, அடிவானத்திலிருந்து உயரக் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டில் வெள்ளிக் கிரகத்தையும் சில நட்சத்திரங்களையும் அளந்து, கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட வேண்டும். இவர் கணக்கு கேப்டன் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் நான் இறங்கிவிட வேண்டும்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மேல்தளத்தில் இவர் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அடிவானத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நான் காற்றில் தலைமுடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பேன். வேறென்ன வேண்டும்?

வெள்ளியும் நிலா மாதிரி தேய்ந்து வளரும். தேய்ந்திருக்கும்போது நாம் அளப்பது வெளிச்சமான பக்கத்தைத்தான், கிரகத்தின் நடுவை அல்ல. அதற்கு ஒரு திருத்தம் உண்டு. விட்டால் அரை மைல் வரை தப்பும். இருவருமே மறக்காமல் போட்டார்கள். கணக்கு அச்சாக ஒத்துப்போனது. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

எனக்குத்தான் எங்கோ படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. பொழுது போகாமல் கிரகங்களும் நட்சத்திரங்களும் எப்போது எங்கே இருக்கும் என்று அட்டவணை போட்டிருக்கும் அந்த வருஷத்துக் கப்பல் பஞ்சாங்கத்தின் விளக்கப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். தேய்வுக்கான திருத்தத்தை இனி அட்டவணையிலேயே சேர்த்துவிட்டதாக அதில் போட்டிருந்தது. பழைய பழக்கத்தில் இருவரும் அதையே இன்னொரு தரம் போட்டிருக்கிறார்கள். சொன்னால் இவர் கணக்கும் தப்பென்று ஆகி பந்தயம் போய்விடும்; வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்தேன்.

மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். கேப்டன் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இறங்க வேண்டியிருக்கும்னு யோசிக்கலையாம்மா?"

"யோசிச்சேன். இறங்கினா வீட்டுல உக்காந்து, இவர் இப்ப எங்க இருப்பார்னுதான் நினைச்சிட்டிருப்பேன். அந்த இடமாவது சரியா இருக்க வேண்டாமா?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேப்டன் வரைபடத்தில் இருந்த புள்ளியை ரப்பரால் அழித்தார்.

"பந்தயம் என் கணக்கோட ஒத்துப்போகணும்னுதானே? மாப்பிள்ளை என் தப்போடயும் சேர்த்து ஒத்துப்போயிட்டார். நீங்க இருங்கம்மா."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.