பிக்கர்ஸ்கில்லின் பழுப்புப் பந்து

டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில்லின் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் காலையில் பெரில்தான் கட்டில் மேல் எடுத்து வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவனாக எடுத்து மாட்டினால் ஒரு காலில் பச்சையும் மறு காலில் பழுப்புமாகப் போய் நிற்பான். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவன் கண்ணுக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பதினாறு வயதில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போனவனை, கைகாட்டி விளக்கின் நிறம் சொல்லத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதுகூடப் பெரிதில்லை. சோதித்த ஆள் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டு, "இவன்கிட்ட ரயிலைக் குடுத்தா நம்ம பார்ன்ஸ்லி ஊரே காலி" என்று சிரித்தான். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் டெஸ்மண்ட் சந்தைத் தெருவிலிருந்த ஸ்நூக்கர் கிளப்பில் ஏறினான். ரயில்வே வேண்டாம் என்று தள்ளிய அதே கண்ணை வைத்துக்கொண்டு, எட்டு நிறப் பந்துகளை உருட்டிப் பிழைக்கும் தொழிலில் முப்பது வருஷத்தை ஓட்டியும்விட்டான்.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஸ்நூக்கரில் ஒரு சிவப்பு, ஒரு வேறு நிறம் என்று மாறி மாறிக் குழியில் போட வேண்டும், சிவப்பின் முறையில் பழுப்பை அடித்தால் தவறு. ஆனால் பழுப்புப் பந்துக்கு மேசையில் ஒரு நிலையான இடம் உண்டு. அங்கே இருக்கும்வரை தொல்லையில்லை. இடம் பெயர்ந்தால், ஆற்றங்கரையில் பிள்ளையை விட்ட தாய் மாதிரி அதன்மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டான்.

நடுவரிடம் கேட்கலாம். எந்தப் பந்தின் நிறம் என்ன என்று ஆட்டக்காரன் கேட்டால் நடுவர் சொல்லியாக வேண்டும், அது விதி. இதே குறையுள்ள வேறு சிலர் கூச்சமில்லாமல் கேட்கவும் செய்தார்கள். அவர்களைப் போல முட்டாள் உண்டா என்பது டெஸ்மண்டின் கட்சி.

அன்று காலை ஷெஃபீல்டுக்குக் கிளம்பும்போது பெரில் மறுபடி ஆரம்பித்தாள்.

"இன்னிக்காவது வாயைத் திறந்து கேளு கண்ணு. கேட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

"குறையாது. தெரிஞ்சுடும். தெரிஞ்சா அத்தனை பயலும் பிரவுனைச் சிவப்புக் கூட்டத்துக்குள்ள தள்ளிவிட்டுட்டு என் முழியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

"தோத்துட்டு வந்தா வீட்டுல என் முழியைத்தான் நீ பார்த்துக்கிட்டு உட்காரணும். யோசிச்சுக்கோ."

உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் அறுபத்து நாலு பேருக்குள் நிற்பான். தொழில்முறைப் பட்டியலில் பெயர் தங்கும். தோற்றால் போய்விடும். நாற்பத்தேழு வயதில் இளவட்டங்களோடு முட்டி மோதித் திரும்ப ஏறி வருவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதை யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

எதிராளி வேல்ஸ்காரன், கெத்தின் ப்ராசர். இருவரும் ஒரே வருஷம் தொழிலுக்கு வந்தவர்கள். கை குலுக்கும்போதே ப்ராசர் தொடங்கினான்.

"யோவ் டெஸ், உன்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பலையா?"

"முதல்ல உன்னை அனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன். உங்க ஊர்ல மழை நின்னுடுச்சா?"

"நின்னா தந்தி அடிக்கிறேன்."

முதலில் பத்து ஃப்ரேம் எடுப்பவன் ஜெயிப்பான்; இரண்டு நாள் ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்து நின்றது. கடைசி ஃப்ரேம். பெரில் கூடத்துக்குள் வரமாட்டாள். வெளியே சிற்றுண்டிச்சாலையில் கைபேசித் திரையில் பாதியைக் கையால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ராசர் முன்னிலையில் இருந்தான். மேசையில் மிச்சம் இரண்டு சிவப்பு, பிறகு மற்ற நிறங்கள். ஏறக்குறைய அத்தனையையும் குழியில் போட்டால்தான் டெஸ்மண்டுக்குப் பிழைப்பு. பழுப்பு இடம் பெயர்ந்து அந்த இரண்டு சிவப்போடு வலது ஓரத்தில் ஒட்டி நின்றது. அவன் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ப்ராசர் குனிந்து கோலை நீட்டிய நேரத்தில் டெஸ்மண்டின் விரலிலிருந்து, கோல் முனையில் தேய்க்கும் சாக்குக் கட்டி நழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டது. கை தானாகப் போயிற்று. தலையும் கூடவே போயிற்று. மேலே பந்துகள் மோதும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது மூன்று பந்துகளும் மூன்று பக்கம் சிதறி அசையாமல் கிடந்தன. மூன்றும் அவனுக்கு ஒரே சேற்று நிறம்.

எழுந்து போனான். ஒரு பந்து குழியின் வாயிலேயே இருந்தது. குழந்தைகூடப் போட்டுவிடும். மற்ற இரண்டும் கடினம். வாய்ப் பந்து சிவப்பாக இருந்தால் வழி திறந்துவிடும். பழுப்பாக இருந்தால் தவறு, மேசை ப்ராசர் கைக்குப் போகும், கதை முடிந்தது. மூன்றில் இரண்டு பங்கு தனக்குச் சாதகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

கோலை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டினான். கை நின்றது. மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது. முப்பது வருஷத்தைத் தூக்கி ஒரு ஊகத்தின் மேல் வைக்க மனம் வரவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுச் சிரித்த அந்த ரயில்வே ஆளின் முகம் நேற்றுப் பார்த்ததுபோல் இருந்தது.

நிமிர்ந்தான்.

"ஹிலரி," என்றான். நடுவர் ஹிலரி லாக்வுட் பக்கத்தில் வந்தார். "குழிகிட்ட இருக்கே, அது என்ன கலர்?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஹிலரியின் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை.

"பிரவுன்," என்றார்.

டெஸ்மண்ட் கோலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மற்ற இரண்டு பந்துகளையும் பார்த்தான். பிறகு சுற்றி வந்து, கடினமான இரண்டில் ஒன்றை நீளவாக்கில் அடித்தான். அது குழியின் இரு தாடையிலும் தட்டி, யோசித்து, விழுந்தது. கறுப்பு. அடுத்த சிவப்பு. மறுபடி கறுப்பு. மஞ்சளும் பச்சையும் தத்தம் இடத்திலேயே காத்திருந்தன. வாயில் கிடந்த பழுப்பை மெல்லத் தள்ளினான். நீலம் போனது. இளஞ்சிவப்பு விழுந்ததும் ப்ராசர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து வந்து கையை நீட்டினான்.

சிற்றுண்டிச்சாலையில் பெரில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தேநீர் வாங்க வரிசையில் போய் நின்றாள். ப்ராசர் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும் டெஸ். இத்தனை வருஷம் இல்லாம இன்னிக்கு எப்படிக் கேக்கத் தோணிச்சு?"

"எதை?"

"பிரவுன் எதுன்னு."

டெஸ்மண்ட் அவனையே பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? யோவ், டீ ஊத்துற அம்மாவுக்கே தெரியும்."

கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண் தேநீர்ப் பையைப் பிழிந்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"எப்படி?"

"பிரவுன் நகர்ந்தா நீ இமைக்க மாட்ட. ப்ரெஸ்டன்ல, பயிற்சி மேசையில, நீ சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருந்தப்போ வேணும்னே நகர்த்திப் பார்த்தேன். மெல்லறதையே நிறுத்திட்ட."

"அப்போ இன்னிக்கு..."

"வேணும்னேதான். நான் மட்டுமா? புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்ற முதல் புத்தியே அதுதான். பிக்கர்ஸ்கில்லோட ஆடினா பிரவுனைச் சிவப்புக்குள்ள சேர்த்து விடு, மிச்சத்தை அவன் வீம்பு பார்த்துக்கும்."

எந்தெந்த ஆட்டம் என்று டெஸ்மண்டின் மனம் தானாகத் தேடிப் போயிற்று. டெல்ஃபோர்டில் கடைசி ஃப்ரேம். ப்ரெஸ்டனில் இரண்டு முறை. பந்து கெட்ட இடத்துக்குப் போய்விட்டது, என் ராசி அப்படி என்று ஒவ்வொரு முறையும் பெரிலிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நான் எப்படிய்யா ஜெயிக்கிறது? எனக்கும் மூணு பிள்ளைங்க." ப்ராசர் வறுவலைக் கிளறினான். "இன்னிக்கு நீ ஹிலரின்னு கூப்பிட்டதுமே போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு. இதை இருபது வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா உன் பக்கத்துல நாங்க வந்திருக்க முடியாது. அதுவும் உண்மை."

பெரில் தேநீரோடு வந்தாள். "ஜெயிச்சவன் மூஞ்சியா இது? என்ன ஆச்சு?"

"எல்லாருக்கும் தெரியுமாம் பெரில்."

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் ப்ராசரை ஏற இறங்கப் பார்த்தாள். "திருட்டுப் பயலே" என்று அவன் முன்னாலிருந்த தட்டை இழுத்துக் கணவன் பக்கம் வைத்தாள். ப்ராசர் மறுக்கவில்லை.

அடுத்த சுற்றில் எதிரே எஸெக்ஸிலிருந்து வந்த இளைஞன் ஒருவன். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டாவது ஃப்ரேமிலேயே பழுப்பை அழகாக நகர்த்திச் சிவப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

டெஸ்மண்ட் மேசையருகே போனான். குனியவே இல்லை.

"இதுல பிரவுன் எதுங்க?" என்று பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி நடுவரைக் கேட்டான்.

நடுவர் காட்டினார். இளைஞன் சாய்ந்தது போதும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.