வீட்டு லேபிளோடு வந்த பட்டியல்

பதினோரு மணிக்கு டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெப்சைட்டில் ஏற வேண்டும். பத்து ஐம்பதுக்கு மேகலா திறந்து பார்த்தால், ‘அனுமதி இல்லை’ என்று பல்லைக் காட்டுகிறது. போச்சுடா! அவள் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாள் பிரிவுத் தலைவர் ரங்கராஜன் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. இன்றைக்குப் பார்த்தா இந்தக் கூத்து?

அந்த சர்வரில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு லேபிள் இருக்கும். வெப்சைட்டுக்கு உரிய லேபிள் இருந்தால்தான் கோப்பு வெளியே தெரியும். இல்லையென்றால் கோப்பின் சொந்தக்காரரே வந்து கெஞ்சினாலும் மசியாது. மேகலா எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதியைத் திறந்துவிட்டும் பார்த்தாள். ஊஹூம்.

ரங்கராஜன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்து நின்றார். பக்கத்துப் பிரிவில் இந்தக் காவலை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்களாம்.

“அந்தக் கருமத்த ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணும்மா. ஜல்தி.”

ஒரே வரிக் கட்டளைதான். விரல்கூட விசைக்குப் போய்விட்டது. ஆனாலும் காவல் எதற்காக மறுத்தது என்று சர்வரின் பதிவைப் பிரித்துப் படித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். நகல் எடுத்து வைத்திருந்தால் புது இடத்தின் லேபிள் தானாக வந்திருக்கும். இவள் அவசரத்தில் தன் சொந்தக் கோப்புறையையே அப்படியே நகர்த்தியிருந்தாள். ‘இது மேகலாவின் வீட்டுச் சாமான்’ என்கிற பழைய லேபிளும் கூடவே வந்துவிட்டது.

முழுக் கோப்புறைக்கும் லேபிளை மாற்றிவிடலாம் என்று கட்டளையை அடித்தாள். அழுத்துமுன் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு கோப்புகள். ஒன்று பட்டியல். மற்றது, யாருக்கு எதனால் முன்னுரிமை என்கிற விவரம்: யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன வழக்கு, எல்லாம். அடித்த கட்டளையை அழித்தாள்.

“இன்னும் என்னம்மா?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். விவரக் கோப்பின் நான்காவது வரியில் அவர் பெயர். எதிரே, மனைவி காமாக்ஷி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. சாணக்யபுரி கெஸ்ட் ஹவுஸில் வேலை என்று சொல்லித்தான் அவர் சீக்கிரம் கிளம்புவார்.

“ஆஃப் பண்ணியிருந்தா இதுவும் வெளிய போயிருக்கும் சார். தப்பு என்னோடதுதான். நாந்தான் சேத்து நகத்திட்டேன்.”

ரங்கராஜன் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“படிச்சியா?”

“உங்க பேர் வரைக்கும்தான் சார்.”

பொய் என்று அவருக்கும் தெரிந்தது.

அவள் விவரக் கோப்பை எடுத்துப் பழைய இடத்தில் பத்திரமாக வைத்தாள். பட்டியலுக்கு மட்டும் லேபிளைச் சரிசெய்தாள். பட்டியல் வெப்சைட்டில் ஏறியபோது மணி பதினொன்று ஏழு. அதற்குள் மேலிடத்திலிருந்து போன் அடித்தது, ஏன் தாமதம், யார் பொறுப்பு என்று. மேகலா எழுந்து நின்றாள். ரங்கராஜன் கையை நீட்டி ரிசீவரை எடுத்தார்.

“நான்தான் சார் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.”