பின் சக்கரத்துக்கு ஒரு சிவப்புத் தாள்

பல் செட் கட்டுவதில் அந்தப் பல் டாக்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புதுப் பல் மாட்டியவர்கள் கண்ணாடியைப் பார்த்து இளித்தால், "சிரிப்பு கிடக்கட்டும், கடிச்சுக் காட்டுங்க" என்று பல்லுக்கு நடுவில் ஒரு சிவப்புத் தாளை வைப்பார். எங்கே இடிக்கிறதோ அங்கே சிவப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ராவிக் கொடுப்பார். இவ்வளவு விவரமான மனுஷன், சொந்தக் கார் விஷயத்தில் மட்டும் புத்தியைக் கிளினிக்கிலேயே பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

கார் அவரைவிட வயதில் மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஸ்பிரிங்கைக் குறைத்து, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, அகலமான ரிம் போட்டிருந்தார். அது போதாதென்று, சக்கரம் இன்னும் வெளியே தள்ளி நிற்க ரிம்முக்குப் பின்னால் ஓர் அலுமினிய வளையம். டயரும் மட்கார்டு விளிம்பும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். இடையில் ஒரு விரல் நுழையும், இரண்டாவது நுழையாது. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

நிற்கும்வரை அழகுதான். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து ஒரு வேகத்தடை ஏறினால், டயர் மட்கார்டில் உரசி 'கர்ர்ர்' என்று அலறும். நிறைமாத மனைவி ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியவள், கதவைக்கூடச் சாத்தவில்லை.

"பிள்ளையை இந்த வண்டில நான் கூட்டிட்டு வர மாட்டேங்க. டயர் வெடிச்சா யாரு பதில் சொல்றது? ஒண்ணு சத்தத்த நிறுத்துங்க, இல்ல கேக்குறவருக்குக் குடுத்துடுங்க."

கேட்கிறவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார், கார் சங்கத்து நண்பர். ஆனால் இவருக்குக் கொடுக்க மனமில்லை. முதல் பிள்ளையை அந்தக் காரில் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது, வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளேயே வைத்திருந்த ஆசை.

மறுநாள் காலை சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து மறுபடியும் அளந்தார். ஒரு விரல் ஜம்மென்று நுழைந்தது.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தை" என்றார், வாசலுக்கு வந்த மாமியாரிடம்.

"உள்ள யாரு உக்காந்திருக்கா?"

"யாருமில்ல."

"எனக்குப் பல்லு கட்டினப்போ வாயத் தொறந்து வெச்சா அளவு பாத்தீங்க? கடிக்கச் சொன்னீங்கல்ல மாப்பிள்ளை?"

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் காலி வண்டிக்கு அல்லவா அளவெடுத்திருக்கிறார்!

ஓட்டமாக ஓடிக் கிளினிக்கிலிருந்து சிவப்புத் தாள் கட்டை எடுத்து வந்தார். மட்கார்டின் உள்விளிம்பு முழுக்க ஒட்டினார். மாமியாரையும் பக்கத்து வீட்டுத் தம்பதியையும் பின்னால் ஏற்றி, தெருமுனை வேகத்தடையில் ஒரு தடவை ஏறி இறங்கினார். தாள் கிழிந்து தொங்கியது. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் செக்கச்செவேல் என்று தடம்.

அந்த விளிம்பைச் சூடுகாட்டி உள்பக்கமாக மடித்துவிட்டார். அது சுலபம், ஆனால் அது மட்டும் போதாது. வளையத்தைக் கழற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. கழற்றினால் சக்கரம் உள்ளே போய்விடும், அந்தக் கோடும் போய்விடும். கையில் ஸ்பேனரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றினார்.

கார் வாங்கக் காத்திருந்த நண்பர் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்னப்பா இது, பல்லு போன வாய் மாதிரி இருக்கு!"

வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று மனைவி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு மகளை ஏந்திக்கொண்டு பின்னால் ஏறினாள். பக்கத்தில் மாமியார். தெருமுனை வேகத்தடை வந்தபோது அவர் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது.

"மாப்பிள்ளை, என்னமோ உரசுதே!"

பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டித் திரும்பினார். அவர் கட்டிக் கொடுத்த பல் அத்தனையும் தெரிய மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா இரும்மா, பாவம்" என்றவள் மடியைப் பார்த்தாள். குழந்தை அசையக்கூட இல்லை.

"நல்லாத் தூங்குறா. வீட்டுக்கு இப்பவே போகணுமாங்க? இன்னொரு சுத்து போயிட்டு வரலாமே."

அவர் வண்டியைக் கிளப்பினார். வீட்டைத் தாண்டிக் காரை விட்டார்.