பனி அள்ளிய இடம்

அமெரிக்காவின் வடகோடியில், கவுண்டி என்று சொல்கிற அந்த மாவட்டத்தில், ஜனவரியில் செத்தவர்களை மே மாதத்தில்தான் புதைப்பார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலை ஒட்டி, மேட்டைக் குடைந்து கல்லால் கட்டிய அறை ஒன்று உண்டு. ஊரார் அதைக் கல்வீடு என்பார்கள். மண் இளகும்வரை சவப்பெட்டிகள் அதற்குள் தட்டுத் தட்டாகக் காத்திருக்கும். செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தன் வீட்டில் ஒருவர் போகும்வரை.

ரெய்னோவின் மனைவி ஹில்யா ஜனவரி ஒன்பதாம் தேதி போனாள். அந்த வாரம் ஏரிப்பக்கமிருந்து வந்த பனி ஆறடிக்குக் கொட்டித் தீர்த்தது. ஹூஸ்டனிலிருந்து கிளம்பிய மகன் கர்ட், சிகாகோ விமான நிலையத்தில் நான்கு நாள் தரையில் படுத்துக் கிடந்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான். தொலைபேசியில் அவன் அழுததைக் கேட்க ரெய்னோவுக்குத் தாங்கவில்லை.

"மே மாசம் வாடா. நீ வந்து நிக்காம உங்கம்மாவ மண்ணுல வைக்கமாட்டேன். இது சத்தியம்," என்றார்.

ரெய்னோ முப்பத்து நாலு வருஷம் கவுண்டியின் பனி வாரும் லாரி ஓட்டியவர். ஊருக்கெல்லாம் வழி பண்ணிக் கொடுத்த கைகள் அவை. அந்தக் குளிர்காலத்தில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் தினமும் காலையில் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டில் ஏறினார். அங்கே தேவதாரு மரங்களுக்கு அடியில், அவருடைய அப்பாவின் கல்லுக்கும் அண்ணனின் கல்லுக்கும் நடுவே, ஹில்யாவுக்கென்று ஒதுக்கிய இடம் இருந்தது. இடுப்பளவு பனியில் நீந்திப் போய், ஏழடிக்கு மூன்றடி அளந்தாற்போல் புல் தெரியும்வரை அள்ளிப் போடுவார். மறுநாள் மறுபடி கொட்டியிருக்கும். மறுபடி அள்ளுவார். காய்ச்சலில் படுத்த இரண்டு நாள் தவிர ஏப்ரல் கடைசிவரை ஒரு நாள் தவறவில்லை. அந்த மேட்டுக்குக் குளிர்காலத்தில் வேறு ஒரு ஈ காக்கை ஏறாது. அதனால் அவரைக் கேட்பாரில்லை, தடுப்பாருமில்லை.

மே பதினாலு, சனிக்கிழமை. பத்து மணிக்கு அடக்கம். கர்ட் முந்தின இரவே வந்துவிட்டான். அவனுடைய நாலு வயது மகளுக்குத் திங்கட்கிழமை காலை இதய அறுவை சிகிச்சை. சாயங்கால விமானத்தில் அவன் திரும்பியே ஆகவேண்டும்.

ஏழரைக்கு ரெய்னோ காபி பிளாஸ்க்கோடு மேட்டில் ஏறினார். குழி வெட்டும் எமில், பள்ளியிலிருந்தே அவருக்குக் கூட்டாளி, முழங்கால் ஆழப் பள்ளத்துக்குள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கற்களுக்கு நடுவே இயந்திரம் நுழையாது, கையால்தான் வெட்டவேண்டும்.

"வாடா. நேத்து மம்பட்டிய வெச்சுப் பாத்தேன், கேக்கு மாதிரி எறங்குச்சு. இன்னிக்கு ஓரடிக்குக் கீழ போனா கல்லா இருக்கு. கடப்பாரை எகிறுற எகிறுல இருக்கிற நாலு பல்லும் போயிரும் போல."

எமில் பள்ளத்தை விட்டு ஏறி, இரண்டு எட்டு தள்ளி, மண் பதம் பார்க்கும் நீளக் கம்பியைக் குத்தினான். கம்பி சத்தமில்லாமல் இறங்கியது.

"பாரு, இங்க உறையவே இல்ல. அங்க மட்டும் நாலடிக்கு உறைஞ்சு கெடக்கும் போல. எவனோ பனிய அள்ளியிருக்கான்டா. எந்தக் கூறு கெட்டவன் இங்க வந்து..."

ரெய்னோவின் முகத்தைப் பார்த்ததும் எமிலின் பேச்சு நின்றுபோனது.

பனிதான் மண்ணுக்குப் போர்வை. அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். தண்ணீர்க் குழாய் போகிற தடத்தில் யாரும் பனியை அள்ளமாட்டார்கள். அள்ளினால் குளிர் நேரே மண்ணுக்குள் இறங்கிக் குழாய் வெடித்துவிடும். அப்படி அள்ளியவர்களை லாரியை நிறுத்தி வைத்துத் திட்டியவர்தான் ரெய்னோ. அவரே போய்ப் பெண்டாட்டியின் போர்வையை நாலு மாதம் தினமும் உருவிப் போட்டிருக்கிறார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

"கரியக் கொட்டி எரிச்சு, மேல இரும்பு மூடியக் கவுத்து வெச்சா ரெண்டு நாள்ல இளகிரும்," என்றான் எமில். "திங்கக்கிழமை வெச்சிரலாம்."

"கர்ட் இன்னிக்கே போறான்டா."

"தெரியும். மர நிழல்னால உறைஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத."

அவர்கள் கீழே இறங்கி வருவதற்குள் கல்வீட்டிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, சக்கரம் வைத்த தாங்கியில் வைத்துவிட்டார்கள். கர்ட் மூடியின்மேல் கை வைத்தபடி நின்றான். எமில் நிழல் கதையைச் சொன்னான்.

"சனியன் பிடிச்ச ஊரு! சாவுக்கும் வரவிடல, அடக்கத்துக்கும் விடல," என்று கர்ட் கத்தினான். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேடேறி, கடப்பாரையைப் பிடுங்கிக் குத்த ஆரம்பித்தான். வந்திருந்த ஜனம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ஒரு மணி நேரம் குத்தினான். ஒரு சாண்கூடப் போகவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது.

"போதும்டா," என்றார் ரெய்னோ. "நிழல் இல்ல. நான்தான்."

கர்ட் நிமிர்ந்தான்.

"நான்தான் அள்ளினேன். தினமும்."

"உங்களுக்குத் தெரியாதாப்பா? குழாய் போற தடத்துல பனிய வழிச்சிட்டுச் சறுக்கு வெளையாடினேன்னு பத்து வயசுல என்னை பெல்ட்டால அடிச்சீங்களே!"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?"

"அங்க நிக்கையில தெரியல. அவளுக்குச் செய்ய வேற ஒண்ணும் இல்லாமப் போச்சு."

கர்ட் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு மேட்டை விட்டு இறங்கினான். திட்டியிருந்தால் ரெய்னோவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பாதிரியார் பெட்டி நின்ற இடத்திலேயே ஜெபத்தை முடித்தார். கோயில் பெண்கள் ஏலக்காய் ரொட்டியை எல்லாருக்கும் நீட்டினார்கள். யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேர ஓட்டம். பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோக ஆட்கள் வந்தபோது கர்ட் அவர்களை விலக்கினான்.

"அப்பா, அந்தப் பக்கம் பிடிங்க."

இருவரும் தள்ளிக்கொண்டு போய், ஆட்களின் உதவியோடு தூக்கி அடித்தட்டில் வைத்தார்கள். அம்மாவுக்கு அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், வெளியே வந்தவளைத் திரும்ப உள்ளே விட்டது.

"அம்மா, குட்டிக்கு ஆபரேஷன்மா. நான் போகணும்," என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னான். அப்பாவின் தோளை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டு வெளியே போனான். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எமில் சாவியோடு வந்தான்.

"வெளிய வாடா. பூட்டணும்."

ரெய்னோ சுற்றிலும் பார்த்தார். மற்றத் தட்டுகள் எல்லாம் காலி. அந்த வாரத்திலேயே மற்ற ஐந்து பேரையும் புதைத்துவிட்டார்கள்.

"குளிர் பூரா இவளுக்குத் துணைக்கு அஞ்சு பேரு இருந்தாங்கடா," என்றார். "இனி கர்ட் திரும்பி வர்ற வரைக்கும் ஒத்தையில கெடக்கணும். நான்தான் இப்படி ஆக்கிட்டேன்."

எமில் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.