பாதி கட்டிய நிலையத்தின் ஆட்டம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. கடத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் ஆடியதைப் பார்த்தேன். விண்வெளி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் எழுதிய வரி: “1986ஆம் ஆண்டு, விண்மீன்களை அண்ணாந்து பார்த்தபடி சின்னப்பராஜ்...” வேண்டாம். அவன் வானத்தைப் பார்க்கிற ஆளே இல்லை.

2

அவனுக்குப் பெங்களூரில் தற்காலிக வேலை. விண்வெளியில் துண்டு துண்டாகக் கட்டப்போகும் ஒரு நிலையம், கட்டி முடியும்வரை திசை மாறாமல் நிற்க வேண்டும். ஆடினால் எப்போது, எந்தப் பக்கம் தள்ளி அதை நேராக்குவது என்ற கணக்கு அவனுடையது. (எல்லாம் காகிதத்தில்தான். நிஜமாகக் கட்ட எத்தனை வருடம் ஆகுமோ.) திங்கட்கிழமைக் கூட்டத்தில் கணக்கு தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஊருக்கு வந்து மஞ்சளுக்குத் தண்ணீர் கட்ட வேண்டியதுதான்.

3

கூட்டத்துக்கு முன் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தான். அந்த ஊரில் தூக்கிய சப்பரத்தைக் கோயில் திரும்பும்வரை கீழே வைப்பதில்லை. தெருவில் கரண்டுக் கம்பி தாழ்வு. அதனால் கம்பியைத் தாண்டிய பிறகு, சப்பரம் தோளில் இருக்கும்போதே ஒருவர் ஏறி, கழற்றி வைத்திருந்த மேல்கூண்டைக் கட்டுவார். அந்த வருடம் ஏறியவன் சின்னப்பராஜின் மச்சான் அல்போன்ஸ். கூண்டு ஏறியதும் சப்பரம் ஆடியது. கீழே தோள் கொடுத்திருந்த சின்னப்பராஜ் எதிர்ப்பக்கம் தள்ளினான். ஒவ்வொரு தள்ளலும் சற்றுப் பிந்திப் போய், ஆட்டத்தைக் கூட்டிவிட்டது.

“யாருய்யா அது தள்றது? சும்மா நில்லுங்க!” அல்போன்ஸ் கத்தினான்.

நின்றார்கள். ஆட்டம் அடங்கியது.

“அப்போதுதான் தன் கணக்கின் பிழை அவனுக்குப் பளிச்சென்று...”

அடித்துவிட்டேன். பொய். பாதி கட்டிய நிலையம் வளைந்தாடும், தன் கணக்கு பிந்தித் தள்ளி அதை வளர்த்துவிடும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தான். சப்பரம் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை. மச்சான் கூண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்ததைப் பார்த்தான், அவ்வளவுதான்.

4

திங்கள் விடிகாலை, கடத்தூர் பஸ் ஸ்டாண்டு. மனைவி பாக்கியமேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“ஏங்க, அதைக் கட்டறதுக்கு மேல ஆளுங்க போவாங்களா?”

“போவாங்க. அதுக்கு இன்னும் ரொம்ப வருசம் இருக்குது, மேரி. இப்பப் பள்ளிக்கூடம் போற பசங்களாக்கூட இருப்பாங்க.”

“அப்ப வூட்டுல சொல்லிக்கிட்டுத்தான போவாங்க?”

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பெங்களூர் பஸ் வந்துவிட்டது.

5

உண்மையைச் சொல்லி வேலையை இழந்ததாக ஒரு முடிவு எழுதினேன். அவன் புனிதராகிவிட்டான், எனக்குக் கொட்டாவி வந்தது. சொல்லாமல் விட்டதாக இன்னொன்று. அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்றாவதை நான் எழுதுவதாக இல்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் சின்னப்பராஜ். பக்கத்து இருக்கை காலி. ஏறி உட்காருங்கள். கூட்டம் பதினோரு மணிக்கு. அதுவரை அவனிடம் ஏதாவது பேசுங்கள்.