கண்ணா, வயிறா?

படைப்பின் ரகசியம் இன்று பிற்பகல் வெளிப்படப் போகிறது. மனிதகுலம் இனி பழையபடி இருக்காது. இதைப் பேராசிரியர் சொன்னது தவளைத் தொட்டிகளுக்கு நடுவே, கால்சட்டை முழங்கால்வரை நனைந்த கோலத்தில். கேட்டவர்கள் இருவர்: அவருடைய ஆய்வு மாணவியும், வீட்டுச் சாவி வாங்க வந்த மச்சினனும். தவளைகளையும் சேர்த்துக்கொண்டால் கூட்டம் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரம்மா. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படுவதுபோல் நடிப்பார், அவ்வளவுதான்.

"அப்படி என்ன மாமா கண்டுபிடிக்கப் போறீங்க?"

"உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தான் மாப்ள. ஆனா கண்ணு ஜீன் கண்ணுல மட்டும்தான் வேலை செய்யுது. யாரு போடுறா சுவிட்ச்?"

"உங்க வீட்டுல அக்காதான்."

மாணவி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பிரம்மாவின் கட்சி இது: சுவிட்ச் ஜீனுக்குப் பக்கத்தில் இல்லை, எங்கோ தள்ளி இருக்கிறது. ஜீனைச் சின்னத் துண்டாக நறுக்கித் தவளைக் கருவில் போட்டால் கண்ணில் ஒன்றும் நடக்காது. முன்னும் பின்னும் நீளமான டி.என்.ஏ.வோடு சேர்த்தே போட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித் தலை நரைத்துவிட்டது. மாநாடுகளில் அவர் மேடையேறினால் மற்றவர்கள் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இன்று கண் பச்சையாக ஒளிர்ந்தால் அவர் ஜெயித்தார். இல்லாவிட்டால் அவரும் காபி குடிக்கப் போகலாம்.

நீள டி.என்.ஏ. லேசில் அறுந்துபோகும். அதனால் மாணவி உறிஞ்சுகுழாயான பிப்பெட்டின் நுனியைக் கத்தரித்து வாயை அகலமாக்கி, அதை மெல்ல எடுத்து, கண்ணாடி ஊசியால் கருக்களுக்குள் செலுத்தியிருந்தாள். கண் ஜீன் வேலை செய்தால் ஒளிரும்படி, அதோடு ஒரு பச்சை ஒளி ஜீனும் ஒட்டியிருந்தது. கருக்கள் இப்போது தலைப்பிரட்டைகள்.

விளக்கை அணைத்து, நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டார்கள். பிரம்மா கைக்கு அகப்பட்ட தலைப்பிரட்டைத் தட்டை வைத்துக் குனிந்தார்.

கண்கள் கருப்பாகவே இருந்தன. அவர் தட்டை லேசாக நகர்த்தினார். பிறகு கொஞ்சம் கீழே, மங்கலாக ஒரு பச்சை.

"வயிறு! வயிறு ஒளிருதும்மா! இது நான் நினைச்சதைவிடப் பெரிய விஷயம்!"

"சார், ஒரு நிமிஷம்..."

சார் தரவில்லை. தொலைபேசியில் ஆய்வு நிறுவன இயக்குநரைப் பிடித்துவிட்டார். "கண்ணுங்கறது பழைய கதை சார். நானே அதைத் தூக்கிப் போட்டுட்டேன். வயிறுதான்!"

"மத்தியானம் சாப்பிட்டாரா இல்லையா?" என்று மச்சினன் மாணவியிடம் கிசுகிசுத்தான்.

அவர் தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு இடம் கிடைத்தது. "சார், அது ஊசியே போடாத தட்டு. ஒப்பிட்டுப் பாக்க வெச்சது. மஞ்சக்கரு மிச்சம் இருக்கிற வயிறு எல்லாமே அப்படித்தான் மினுங்கும்."

அவள் சரியான தட்டை வைத்தாள். பார்க்கவே கூடாது என்றுதான் பிரம்மா நினைத்தார். கழுத்து தானாகக் குனிந்தது.

ஒரு தலைப்பிரட்டை நெளிந்து திரும்பியது. கண்ணின் நட்டநடுவில், சுத்தமான பச்சைப் புள்ளி. வேறெங்கும் அப்படி இல்லை. இன்னொன்றுக்கு இடக்கண்ணில் மட்டும், அதுவும் பாதி. ஏன் பாதி? அவர் மூச்சுவிட மறந்தார்.

"ஆடாம இருடா கண்ணு..."

மச்சினனும் முட்டி மோதிப் பார்த்தான். "அடேயப்பா! நீங்க சொன்ன மாதிரியே கண்ணுலதான் மாமா!"

இயக்குநரிடம் வயிறு என்று சொல்லியாகிவிட்டது.