யாருக்கும் காட்டாதே

அனுஜா செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அன்று சாயங்காலம் விற்பனைக்கு வருவதாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம் பார்த்து அந்தப் படம் வந்து சேர்ந்தது.

போன வாரம் இலவசமாக விட்டிருந்த டெமோவை எங்கேயோ இருக்கிற ஒரு புண்ணியவான் பிரித்துப் பார்த்திருக்கிறான். ஆடினோமா, ரசித்தோமா என்று போகக் கூடாதோ? உள்ளே இருந்த புரோகிராம் கோடை வெளியே இழுத்து, அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, விளையாட்டின் இணையப் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கப் போட்டிருந்தான். அழகாக எழுதியிருக்கிறீர்கள், இந்த இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் பாராட்டு வேறு.

படத்தில் இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. அவற்றுக்கு மேலே அனுஜாவே தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பு: 'அப்பாவோட பார். யாருக்கும் காட்டாதே.'

அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சிலுவை சங்கு குளிப்பவர். கடலுக்கடியில் சங்கு மேய்கிற திட்டைத்தான் பார் என்பார்கள். நல்ல பார் ஒன்று வாய்த்தவன் அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டான். தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தாலே சிலுவை அங்கே இறங்காமல் வேறு பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர், மகளின் விளையாட்டுக்கு நிஜமான கடல்தரை வேண்டும் என்றதும் ஒருநாள் அவளைக் கூட்டிப் போனார். அவள் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். அந்த எண்களை வைத்தே விளையாட்டின் கடலைக் கட்டினாள். வாய்தவறி யாரிடமும் காட்டிவிடக் கூடாதே என்று தனக்குத்தானே எச்சரிக்கையும் எழுதிக்கொண்டாள். கள்ளனுக்கு வழிகாட்டிப் பலகை நட்ட கதையாகிவிட்டது.

பாளை ரோட்டில் அவர்கள் வேலை செய்கிற மாடி அறையில் எதிர் நாற்காலியில் வரத் உட்கார்ந்திருந்தான். ஆழ்வார்திருநகரிப் பையன், கல்லூரி நாளிலிருந்து கூட்டாளி. விளையாட்டைக் கட்டி வெளியே அனுப்புவது அவன் பொறுப்பு. பொட்டலமாகக் கட்டினால் உள்ளே இருக்கிற கோடு தானாக மறைந்துவிடும் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணிப் பூட்டிடறேன் அனுஜா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"சாவி?"

வரத் தலையைச் சொறிந்தான். "அதுவும் விளையாட்டுக்குள்ளதான் போகணும். இல்லேன்னா ஓடாதே. நெனச்சவன் தோண்டி எடுத்துருவான்."

"அப்ப நம்பரையே தூக்கிரு. சைபர்லருந்து புதுசாக் கணக்குப் போடு."

"தூக்கிடலாம். ஏற்கெனவே டவுன்லோட் பண்ணினவங்ககிட்ட இருக்கறத என்ன பண்றது?"

அனுஜா முதலில் படம் போட்டவனுக்கு எழுதினாள். அவன் பதறிப்போய் உடனே எடுத்துவிட்டான், பாவம். ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளை செய்த விளையாட்டு என்ற பெருமையில் திரேஸ்புரத்து மீனவப் பையன்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தில் கிடந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் இடம் புரிகிறவர்கள் அவர்கள். அப்பா கடலில் இருந்தார். போன் எட்டாது. வாக்கி டாக்கியில் சொன்னால் எல்லாப் படகுக்கும் கேட்கும்.

அப்போது அக்காள் விஜிலா போனில் வந்தாள். "ஏளா, ஒன் அத்தான் போனைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாரு. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் படகை எடுத்துட்டுப் போயிட்டாரு. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு. என்னளா விசயம்?"

அத்தான் ஜோன்ஸும் சங்கு குளிப்பவன்தான். வாய் ஓயாது. விளையாட்டின் முதல் பதிப்பை அவனிடம் கொடுத்தபோது, மீன் நிறம் சரியில்லை, சங்கு இப்படியா படுத்திருக்கும், மூலையில் ஓடுகிற நம்பர் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று ஆயிரம் குறை சொன்னான். எல்லாவற்றையும் திருத்தினாள். நம்பரையும் திரையிலிருந்து எடுத்தாள்.

சிலுவைக்கு மருமகன் மேல் நம்பிக்கை கிடையாது. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பது மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? சிலுவையின் மைத்துனர் இறந்த பிறகு கயிற்றை நான் பிடிக்கிறேன் என்று ஜோன்ஸ் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். "அவன் வாய்க்கு வேலி கிடையாது" என்று சொல்லிச் சிலுவை கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்.

அந்த ஜோன்ஸ்தான் இப்போது பாருக்குப் போகிறான். கீழே அப்பா இருக்கும்போது மேலே வேறொரு படகு சுற்றி வந்தால், படகிலிருந்து அவருக்கு மூச்சுக் கொடுக்கிற காற்றுக்குழாய் அதன் எஞ்சின் விசிறியில் சிக்கும். "இன்னைக்கு விளையாட்ட வெளிய விட வேண்டாம் வரத்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

திரேஸ்புரம் கரையில் ஒவ்வொரு படகாக வந்துகொண்டிருந்தது. அப்பா படகைக் காணோம். வெயில் இறங்கியது. மாதாவே, பார் போனால் போகட்டும், ஆளைக் கொண்டுவந்து சேர் என்று வேண்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் இரண்டு படகுகள் சேர்ந்தாற்போல் வந்தன. முன்னால் அப்பா, பின்னால் ஜோன்ஸ்.

அவள் தண்ணீருக்குள்ளேயே ஓடினாள். "அப்பா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"ஜோன்ஸ் சொல்லிட்டான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜோன்ஸின் படகில் ஒரு சங்குகூட இல்லை.

"படத்தைப் பாத்துத்தான அங்க போனீங்க அத்தான்?" என்று அவன் பக்கம் திரும்பினாள்.

ஜோன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். சிலுவைதான் பதில் சொன்னார். "படத்தப் பாத்து வேற படகு வந்துரும்னு எனக்குக் காவலுக்கு வந்திருக்கான். அவன் ஜிபிஎஸ்ஸ வாங்கிப் பாத்தேன்ளா. என் பார அதுல குறிச்சு வச்சிருக்கான். குறிச்ச தேதி கிறிஸ்மசுக்கு முந்தி."

திரையின் மூலையில் ஓடிய நம்பர், அதே அட்சரேகையும் தீர்க்கரேகையும். எடுத்துவிடு, அசிங்கமாக இருக்கிறது. அனுஜாவுக்கு இப்போதுதான் உறைத்தது. திரையிலிருந்து எடுத்தவள் கோடிலிருந்து எடுக்கவில்லை.

"இத்தன மாசமா ஒருவாட்டிகூட அங்கன போகலியாம். பின்ன எதுக்குலே குறிச்சன்னு கேட்டேன்." சிலுவை மருமகனைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கன வந்து தேடணும்னு ஒருத்தனுக்காவது தெரிய வேண்டாமா மாமான்னு சொல்லுதான்."

நாளைக்கே அங்கே நாலு படகு நிற்கும். அடுத்த வருசம் அந்தப் பாரில் சங்கு இருக்காது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அழுகையை அடக்க முடியாமல் அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிலுவை படகிலிருந்து ஈரக் கயிற்றுச் சுருளை எடுத்து ஜோன்ஸின் கையில் வைத்தார்.

"நாளைக்கு வெள்ளன வாலே. வேற பார் தேடணும்."

வாய் ஓயாத ஜோன்ஸுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.